நான்கு மணிக்கு நிற்கும் இணைப்பு

எங்கள் அலுவலகத்தில் அவருக்குச் ‘சந்தேகம்’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும். “சந்தேகம் சாப்பிட்டாச்சா?” என்று ஒருமுறை யாரோ என்னிடம் கேட்க, பின்னால் நின்றிருந்த அவரே “ஆச்சு, ஆச்சு” என்று பதில் சொன்னார். கோபமெல்லாம் கிடையாது. நான் மட்டும் அவரை அண்ணன் என்பேன்.

வீடுகளுக்கு இணைய இணைப்பு கொடுக்கும் கம்பெனி எங்களுடையது. நான் புகார் மேசையில் உட்காருகிறவள். காலை ஒன்பதுக்கு ஹெட்போனைக் காதில் மாட்டினால் மாலை ஆறுக்குத்தான் கழற்றுவேன். ‘நெட் வரல’ என்ற இரண்டு வார்த்தையை மனிதர்கள் எத்தனை விதமாகச் சொல்வார்கள் என்று என்னைக் கேளுங்கள். சிலர் கெஞ்சுவார்கள், சிலர் என் ஏழு தலைமுறையையும் வம்புக்கு இழுப்பார்கள். எல்லாவற்றையும் காதில் வாங்கி, ஒரு புகார் எண் போட்டு, வீடுகளுக்குப் போகும் ஆட்களில் ஒருவர் தலையில் கட்டிவிடுவேன்.

மற்ற ஆட்கள் எல்லாரும் ஒரே ரகம். உள்ளே போவார்கள், பெட்டியை அணைத்துப் போடுவார்கள், விளக்கு எரிந்ததும் கம்பி நீட்டிவிடுவார்கள். அண்ணன் அப்படியில்லை. வைஃபை பெட்டியை மட்டும் அவர் பார்க்க மாட்டார், வீட்டையே பார்ப்பார். மீன் தொட்டி எங்கே இருக்கிறது, மைக்ரோவேவ் எந்தச் சுவரில் இருக்கிறது, நிலைக்கண்ணாடி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒவ்வொன்றின் மேலும் அவருக்குச் சந்தேகம். கையில் போனைப் பிடித்துக்கொண்டு, தொலைந்த திருகாணியைத் தேடுகிறவர் போல அறை அறையாக நடப்பார். பதினேழு வருஷத்தில் அவர் பார்த்துவிட்டு வந்த வீட்டிலிருந்து மறு புகார் வந்தது விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கும்.

ஆனால் இரண்டு பழக்கங்கள் அவருக்கு உண்டு. பொருள்களைச் சந்தேகப்படுவாரே தவிர மனிதர்களைச் சந்தேகப்பட மாட்டார். இன்னொன்று, என்ன செய்தேன் என்று யாருக்கும் விளக்க மாட்டார்.

“வயசானவங்ககிட்ட வயரு, பேட்டரின்னு சொன்னா பயந்துக்குவாங்க தங்கச்சி. ‘சரியாயிடுச்சு’ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்” என்பார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. போதாக்குறைக்குக் கம்பெனி விதியும் அதற்குத் தோதாக இருந்தது. எங்கள் கணக்கில் வாடிக்கையாளர் என்றால், யாருடைய போன் எண் பதிவாகியிருக்கிறதோ அவர்தான். வேலை முடிந்ததும் ஓடிபி அந்த எண்ணுக்குப் போகும். அதை அவர் சொன்னால் புகார் மூடப்படும். வீட்டில் இருக்கிறவர் யார், அவர் என்ன சொல்கிறார் என்று எழுத என் திரையில் இடமே இல்லை.

அந்த வீட்டின் புகார் கடல் தாண்டி வந்தது. பேசியவள் ஒரு மகள். அம்மா இங்கே தனியாக இருக்கிறாள், அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது, அம்மா ஒருமுறை குளியலறையில் வழுக்கி விழுந்து மூன்று மணி நேரம் கிடந்திருக்கிறாள். அதற்குப் பிறகு மகள் கூடத்தில் ஒரு கேமரா வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும், பேசவும் செய்யும் கேமரா.

“டெய்லி நாலு மணிக்கு நெட் கட் ஆகுது. அஞ்சு மணிக்குத் தானா வந்துடுது. எனக்கு அப்போ காலைல, வேலைக்குக் கிளம்பற நேரம். அம்மாவப் பாத்துட்டுத்தான் கிளம்புவேன். அந்த நேரம் பாத்துக் கட் ஆகுது. போன் போட்டா எடுக்கறதில்ல. விழுந்து கிடக்கறாங்களோன்னு ஒவ்வொரு நாளும் செத்துப் பொழைக்கிறேன்.”

கத்துகிறவர்களைச் சமாளித்துவிடலாம். இவள் கத்தவில்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது. அண்ணனுக்குத் தள்ளினேன்.

அவர் காலை பதினோரு மணிக்குப் போனார். பழைய அடுக்குமாடியில் இரண்டாவது மாடி. கூடத்தில் மேற்கே ஒரு பெரிய ஜன்னல், அதன் பக்கத்தில் கைப்பிடி வைத்த ஒரு மர நாற்காலி. பெட்டி உயரே பரணில் இருந்தது. முதலில் இணைப்புக் கொடுத்த புண்ணியவான் அங்கே ஏற்றிவிட்டுப் போயிருக்கிறான். கீழே சுவரில் அதற்கான சுவிட்ச். அன்றைக்கு எல்லாம் ஒழுங்காக ஓடியது. அண்ணன் மைக்ரோவேவைச் சந்தேகப்பட்டு அதை இடம் மாற்றி வைத்துவிட்டு வந்தார்.

நான்கு நாளில் மறுபடி புகார். இந்த முறை பக்கத்து வீடுகளின் வைஃபை இடித்துக்கொள்கிறதோ என்று சந்தேகப்பட்டு அலைவரிசையை மாற்றினார். அவர் பரணிலிருந்து இறங்கும்போது அலமாரி மேலிருந்த கேமரா ‘விர்ர்’ரென்று தலையைத் திருப்பியிருக்கிறது. மகளின் குரல் அறை நடுவே வந்தது.

“சார், இதுக்கு மேல என்னால முடியாது. இந்தத் தடவையும் சரியாகலன்னா அம்மாவ முதியோர் இல்லத்துல சேத்துடப் போறேன். அங்க இருபத்தி நாலு மணி நேரமும் ஆள் இருக்கும். அம்மா, உனக்கும் சேத்துத்தான் சொல்றேன்.”

அந்த அம்மாள் சுவரைப் பார்த்து, “சரிம்மா” என்றாளாம். பிறகு கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உதடு மட்டும் அசைய, “நான் இங்கேயே இருந்துடறேனே தம்பி” என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறாள்.

அலுவலகம் திரும்பிய அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. “ஒரு பொம்பளையோட வீடு நம்ம கையில இருக்கு தங்கச்சி. இந்த நெட்டு நின்னா அவங்க வீடு போச்சு” என்றார். அவ்வளவு பிடிவாதமாக அவர் எந்த வேலையிலும் இறங்கி நான் பார்த்ததில்லை.

மறு புகாருக்குக் காத்திராமல், மூன்றாம் முறை அவர் சரியாக மூன்றே முக்காலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த அம்மாள் தண்ணீர் கொடுத்தாள். எப்போது கிளம்புவீர்கள் என்று இரண்டு முறை கேட்டாள். மடித்த செய்தித்தாள் ஒன்று அவள் மடியில் இருந்தது. அதைப் பிரிக்கவில்லை, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து மணி வரை இணைப்பு அசையவே இல்லை.

கிளம்பும்போதுதான் அண்ணன் அந்த சுவிட்சைக் கவனித்தார். பலகையில் இருந்த மற்ற சுவிட்சுகளில் தூசு. இரண்டு மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தன. ஒன்று மின்விசிறியுடையது, அதற்கு அடுத்தது பெட்டியுடையது. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. நாலு மணிக்கு மேற்கு வெயில் உள்ளே வருகிறது. அம்மாள் மின்விசிறியைப் போட வருகிறாள். கண் சரியாகத் தெரியாமல் பக்கத்து சுவிட்சைத் தட்டிவிடுகிறாள். அண்ணன் சுவிட்சைச் சந்தேகப்பட்டார். அதைத் தட்டிய விரலை அவர் சந்தேகப்படவில்லை.

உண்மையைச் சொல்லி அந்த அம்மாளைச் சங்கடப்படுத்த அவருக்கு மனமில்லை. பையிலிருந்து ஒரு சின்ன பேட்டரியை எடுத்து, பரணில் பெட்டிக்குப் பின்னால் வைத்து இணைத்தார். இனி கீழே சுவிட்சை அணைத்தாலும் பெட்டி நான்கு மணி நேரம் ஓடும். கேமராவுக்கு வேறு மின்சாரம். அதில் எரியும் விளக்கு கண்ணைக் குத்துகிறது என்று அம்மா சொன்னதால் மகளே அதை முன்பே அணைத்து வைத்திருந்தாள். பெட்டியின் விளக்கோ பரணுக்குள் மறைந்திருந்தது. ஆக, கீழே நிற்கிறவருக்கு எது ஓடுகிறது, எது நின்றது என்று தெரிய வழியில்லை.

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு, “சரியாயிடுச்சும்மா” என்றார்.

அந்த அம்மாள் பரணை அண்ணாந்து பார்த்தாள். “எல்லாம் முன்ன மாதிரிதானே இருக்கும் தம்பி?”

“முன்ன மாதிரியேதாம்மா.”

அவள் முகம் தெளிந்தது என்று அண்ணன் சொன்னார். அதைப் பார்த்து இவருக்கும் வயிறு குளிர்ந்தது. மகள் ஓடிபி சொன்னாள். நான் புகாரை மூடினேன்.

பத்தாம் நாள் மகளே கூப்பிட்டாள். நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன் என்றாள். ஒன்பது நாளாக ஒரு நொடிகூட இணைப்பு நிற்கவில்லையாம். அண்ணனுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தாள். மேலாளர் அதை அச்சடித்து, அண்ணன் படத்தோடு சுவரில் ஒட்டினார். படத்தில் அண்ணன் திருட்டுப் பூனை மாதிரி முழிப்பதைப் பார்த்து நாங்கள் சிரித்தோம்.

ஆனால் அவள் பேச்சை அதோடு முடிக்கவில்லை. “அவர் சரி பண்ணதாலதான் எனக்கே தெரிஞ்சுது மேடம். அம்மாவுக்குப் புத்தி பிசகிடுச்சு. நாலு மணியானா அப்பா சட்டைய எடுத்து நாற்காலில மாட்டி வெக்கறாங்க. எதிர்ல உட்கார்ந்து பேப்பர் படிக்கறாங்க. நடுவுல நிறுத்தறாங்க, அப்பா ஏதோ கேட்ட மாதிரி. அதுக்குப் பதில் சொல்றாங்க, சிரிக்கறாங்க. ஒன்பது நாளும் பாத்தேன். வீடியோவ டாக்டருக்கு அனுப்பினேன், தனியா விடவே கூடாதுன்னுட்டார். நாளைக்குக் கிளம்பி வரேன்.”

‘வேறு ஏதாவது உதவி வேண்டுமா’ என்று கேட்டு முடிப்பது எங்கள் வழக்கம். அன்றைக்கு நான் அதைக் கேட்கவில்லை.

அண்ணனிடம் சொன்னபோது அவர் உட்கார்ந்துவிட்டார். “சுவிட்ச அவங்களேதான் அமத்தியிருக்காங்க” என்றார். நாலைந்து நாள் கழித்து, யாரும் அனுப்பாமலே, அந்த வீட்டுக்குப் போனார்.

மகள் மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். கூடத்தில் இரண்டு துணிப் பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன. அந்த அம்மாள் இவரைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் சமையலறைக்குள் கூட்டிப் போனாள். அங்கே கேமரா இல்லை. இருந்தும் குழாயைத் திறந்துவிட்டாள், பேச்சுச் சத்தம் வெளியே போகக் கூடாது என்று. அங்கே அவள் சொன்னதை அண்ணன் என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஒரு வார்த்தைகூட மாறியதில்லை.

“அவருக்குக் கடைசி ஆறு வருஷம் கண்ணு தெரியாது தம்பி. நாலு மணிக்கு உட்கார வெச்சுப் பேப்பர் படிச்சுச் சொல்லணும். குறுக்க குறுக்கக் கேள்வி கேப்பாரு. அவர் போயிட்டாருன்னு எனக்குத் தெரியாதா? நான்தானே பக்கத்துல இருந்தேன். கைய நான்தானே விட்டேன். ஆனா நாலு மணியானா வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. அந்தச் சட்டை இருந்தா படிக்க வருது. வேற ஒண்ணும் இல்ல. இத யாரு பாத்தாலும் கிறுக்குன்னுதான் சொல்லுவாங்க. அதுக்குத்தான் அமத்தி வெச்சேன்.”

“எனக்குத் தெரியாதும்மா. ஃபேன் சுவிட்ச்சுனு நெனச்சு மாத்திப் போடறீங்கன்னு...”

“உன்னக் கேட்டேனே தம்பி. முன்ன மாதிரியே இருக்குமான்னு கேட்டேனே.”

அண்ணன் இப்போதே மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பியிருக்கிறார். அந்த அம்மாள் இவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அது உடும்புப் பிடி என்றார்.

“நானும் சொல்லிப் பாத்துட்டேன். நோய்தான் அப்படிப் பேச வெக்குதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். இனி அவ நம்ப மாட்டா. நம்பினா அதவிட மோசம். ராப்பகலா அழுவா, வேலைய விட்டுட்டு இங்க வந்து உட்கார்ந்துக்குவா. இல்ல, விட முடியாம அங்கயே வெந்து சாவா. நான் புத்தி கெட்டவளாவே இருந்துட்டுப் போறேன். நீ வாயத் தொறக்காத. எம்மேல ஆணையா.”

அந்த வார்த்தைக்கு மேல் என்ன செய்வது? மகள் படியேறி வரும் சத்தம் கேட்டது. அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார்.

அதற்குப் பிறகு அவர் பழைய ஆளாக இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் யார் இருக்கிறார்களோ அவர்களை உட்கார வைத்து, இது என்ன வயர், இது எங்கே போகிறது, இதை அணைத்தால் எது நிற்கும், எது நிற்காது என்று அரை மணி நேரம் விளக்கினார். கேமரா இருந்தால், அது எதுவரை பார்க்கும் என்று நடந்து காட்டினார். ஒரு நாளைக்கு எட்டு வீடு பார்த்தவர் நான்கு வீட்டோடு நின்றார். மேலாளர் பிடி பிடியென்று பிடித்தார். சுவரிலிருந்த படத்தை அண்ணனே கிழித்துப் போட்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அந்த மகள் மேல் கோபப்படலாம் என்று பார்த்தேன். மூன்று மணி நேரம் தரையில் கிடந்த அம்மாவை நினைத்தால் அதுவும் முடியவில்லை.

முதியோர் இல்லத்தில் சேர்த்த ஐந்து மாதத்தில் அந்த அம்மாள் அங்கேயே இறந்துபோனாள். தூக்கத்தில் என்றார்கள். மகள் வந்து காரியங்களை முடித்துவிட்டுத் திரும்பிப் போனாள். வீட்டைப் பூட்டி வைத்தாள், இணைப்பை மட்டும் துண்டிக்கச் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து அவள் கூப்பிட்டாள். குரலை வைத்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

“மேடம், வீட்ல யாரும் இல்ல. ஆனா டெய்லி நாலு மணிக்குக் கேமராலேர்ந்து எனக்கு மெசேஜ் வருது, உள்ள ஏதோ அசையுதுன்னு. தெறந்து பாத்தா... அப்பா நாற்காலில யாரோ உட்கார்ந்திருக்கற மாதிரி இருக்கு. தயவு செஞ்சு அவரையே அனுப்புங்க.”

அண்ணன் கேட்டுவிட்டு நெடுநேரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். “நீயும் வா தங்கச்சி. என்னால தனியாப் போக முடியாது” என்றார். அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். சாவி கீழ்வீட்டில் இருந்தது.

கதவைத் திறந்ததும் பூட்டிக் கிடந்த வீட்டின் நாற்றம். அலமாரி மேலிருந்து ‘விர்ர்’ரென்று அந்தக் கேமரா எங்கள் பக்கம் திரும்பியது. நான் அண்ணனின் பைப் பட்டையைப் பிடித்துக்கொண்டேன். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை. மணி மூன்று ஐம்பது. நாற்காலி ஜன்னலோரம் காலியாக இருந்தது. இருவரும் சுவரோடு ஒட்டி நின்றோம்.

நாலு மணி ஐந்து நிமிஷத்துக்கு வெயில் இறங்கி ஜன்னலுக்குள் நுழைந்தது. நாற்காலியின் முதுகில் மெல்ல ஒரு கறுப்பு விழுந்தது. தோள், கை, கழுத்துப் பட்டை. அது அசைந்தது. கேமரா எங்களை விட்டு அந்தப் பக்கம் திரும்பியது.

அண்ணன்தான் ஜன்னலருகே போனார். எதிர் வீட்டுக்கு அந்த மாதம்தான் புதிதாகக் குடி வந்திருந்தார்கள். பால்கனியில் கயிறு கட்டித் துணி காயப் போட்டிருந்தார்கள். ஓர் ஆண் சட்டை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

“பாத்தீங்களா?” என்றது மகளின் குரல், கேமராவிலிருந்து.

“பாத்தேம்மா. நெழல்.”

“சட்டை மாதிரி இருக்கு.”

“சட்டைதாம்மா. எதிர் வீட்டுச் சட்டை. வெயிலுக்கு நெழல் உள்ள விழுது.” அவர் எதையும் விடாமல் விளக்கினார். கயிறு எங்கே கட்டியிருக்கிறது, வெயில் எந்தக் கோணத்தில் வருகிறது, எத்தனை மணிக்கு நிழல் போகும் என்று. “திரைய இழுத்து விட்டுட்டா வராது. இழுக்கட்டுமா?”

“வேண்டாம். இருக்கட்டும்.”

கிளம்பலாம் என்று நான் அண்ணனுக்குக் கண்ணைக் காட்டினேன். அப்போது அவள் மறுபடி பேசினாள், சின்னப் பிள்ளை மாதிரி.

“சார், அம்மா நெஜமாவே அப்பா இருக்கார்னு நம்பினாங்களா? நீங்க நாலஞ்சு தடவ வந்திருக்கீங்க. உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?”

அண்ணன் நாற்காலியைப் பார்த்தார். எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லிவிடுங்கள், செத்தவளுக்குக் கொடுத்த வாக்கு யாருக்கு என்று கத்த வேண்டும் போலிருந்தது. அந்த அம்மாளுக்குப் புத்தி தெளிவாக இருந்தது என்று இந்த உலகத்தில் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

“எதுவும் சொல்லலம்மா” என்றார்.

“அப்போ நான் பண்ணது சரிதானே? தனியா விட்டிருக்க முடியாதுதானே?”

“முடியாதும்மா. நீங்க பண்ணது சரிதான்.”

பதில் வரவில்லை. நன்றியும் வரவில்லை. கேமரா மெல்லத் திரும்பி எங்களைப் பார்த்து நின்றது. விளக்கு இல்லாத அந்தக் கறுப்புக் கண்ணுக்குப் பின்னால் அவள் இன்னும் இருக்கிறாளா, போய்விட்டாளா என்று எங்களால் சொல்ல முடியவில்லை. அதனால் கதவைப் பூட்டும் வரை நாங்கள் இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.